காய்கனிகளைத் தேர்ந்தெடுத்தலும் சேமித்தலும்

காய்கனிகளைத் தேர்ந்தெடுத்தலும் சேமித்தலும் என்பது காய்கறி, கீரை, கிழங்கு, பழம் ஆகியவற்றைச் சந்தையில் தரம் பார்த்து வாங்குவதையும், உண்ணும் வரை அவற்றின் சுவையும் சத்தும் கெடாமல் வீட்டில் வைத்திருப்பதையும் குறிக்கும். இது அறுவடைக்குப் பிந்தைய தொழில்நுட்பம் எனப்படும் வேளாண் அறிவியல் துறையின் இல்லப் பயன்பாடு ஆகும். தமிழ்நாடு, இலங்கை போன்ற வெப்ப நிலப்பகுதிகளில் அறை வெப்பநிலை ஆண்டின் பெரும்பகுதியும் 30 பாகை செல்சியசை ஒட்டி இருப்பதால் இவ்வறிவு கூடுதல் முதன்மை பெறுகிறது.

செடியிலிருந்து பறிக்கப்பட்ட பின்னும் காய்கனிகள் உயிருள்ள திசுக்களாகவே இருக்கின்றன. அவை தொடர்ந்து சுவாசிக்கின்றன, நீரை இழக்கின்றன, முதிர்கின்றன. எனவே நற்சேமிப்பு என்பது இவ்வுயிர்ச் செயல்களை நிறுத்துவது அன்று; திசுவைக் கொன்றுவிடாமல் அவற்றை மெதுவாக்குவதே ஆகும். வாழைப்பழம் குளிர்சாதனப் பெட்டியில் கறுப்பதும், நெகிழிப் பையில் இறுகக் கட்டிய கீரை அழுகுவதும், வெளிச்சத்தில் வைத்த உருளைக்கிழங்கு பச்சையாவதும் இந்த அடிப்படையைக் கவனியாததால் நேர்வனவே.

ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை அமைப்பு 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, உலகில் மனிதருக்காக விளைவிக்கப்படும் உணவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இழக்கப்படுகிறது அல்லது வீணாக்கப்படுகிறது என மதிப்பிட்டது. உணவு வகைகளுள் பழங்கள், காய்கறிகள், கிழங்குகள் ஆகியவற்றிலேயே இழப்பு விகிதம் மிக அதிகம் எனவும் அது குறிப்பிட்டது. மறுபுறம், ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கனிகளை உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை.

பறித்த பின் நிகழும் மாற்றங்கள்

சுவாசித்தல்

காய்கனிகள் தம்முள் சேர்த்து வைத்துள்ள சர்க்கரையை ஆக்சிசனுடன் சேர்த்துக் கரியமில வாயு, நீர், வெப்பம் ஆகியனவாக மாற்றுகின்றன. செடியில் இருக்கும்போது இவ்விழப்பை இலைகள் ஈடு செய்யும். பறித்த பின் ஈடு செய்ய ஏதுமில்லை. இருப்பு மட்டுமே கரைகிறது. பறித்த பச்சைப் பட்டாணியும் மக்காச்சோளமும் ஓரிரு நாளில் இனிப்பை இழப்பதற்கு, அவற்றின் சர்க்கரை மாவுச்சத்தாக மாறுவதுடன் இதுவும் ஒரு காரணம்.

வெப்பநிலை 10 பாகை உயரும்போது சுவாச வேகம் பொதுவாக 2 முதல் 3 மடங்காகிறது. இதன்படி கணக்கிட்டால், 5 பாகையில் உள்ள ஒரு காய் 30 பாகைக்கு வரும்போது ஏறத்தாழ 6 முதல் 15 மடங்கு வேகத்தில் தன் இருப்பைச் செலவிடும். வெண்டைக்காய், பட்டாணி, காளான், கீரை வகைகள் ஆகியன வேகமாகச் சுவாசிப்பவை. ஆதலால் விரைவில் கெடுபவை. வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, ஆப்பிள் ஆகியன மெதுவாகச் சுவாசிப்பவை.

நீரிழப்பு

பெரும்பாலான காய்கனிகளின் எடையில் 80 முதல் 95 விழுக்காடு நீரே ஆகும். எடையில் 5 முதல் 10 விழுக்காட்டளவு நீர் வெளியேறினாலே பல காய்கள் சுருங்கி வதங்கிவிடுகின்றன. தடித்த தோலும் மெழுகுப் படலமும் உள்ள பூசணி போன்றவை நீரை மெதுவாக இழக்கின்றன. பரப்பு மிகுந்த கீரைகளோ சில மணி நேரத்திலேயே வாடுகின்றன. கீரை வியாபாரிகள் ஈரச் சாக்கால் கட்டுகளை மூடி வைப்பது இதற்காகவே.

எத்திலீன்

எத்திலீன் என்பது தாவரங்கள் தாமே உண்டாக்கும் வளிம வடிவிலான வளர்ச்சி ஊக்கி. பழுத்தல், இலை மஞ்சளாதல், காம்பு உதிர்தல் ஆகியவற்றை இது தூண்டுகிறது. காற்றில் மிகச் சிறிய அளவில் இருந்தாலும் செயற்படக்கூடியது.

இதன் விளைவை, பெயர் அறியாமலே மக்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்துள்ளனர். பண்டைய எகிப்தியர் ஒருவகை அத்திக் காய்களைக் கீறிவிட்டுப் பழுக்கச் செய்தனர்; கீறப்பட்ட திசு எத்திலீனை மிகுதியாக வெளியிடுகிறது. தமிழ்நாட்டில் வாழைத்தார்களை மூடிய அறையிலோ குழியிலோ வைத்துப் புகைமூட்டம் இடுவதும், மாங்காயை வைக்கோலில் புதைத்து வைப்பதும், அரிசிப் பானைக்குள் போட்டு வைப்பதும் இவ்வகையினவே. புகையில் எத்திலீன் கலந்துள்ளது. வைக்கோலும் அரிசியும் காயிலிருந்து வெளிவரும் எத்திலீனைச் சுற்றிலும் தேக்கி வைக்கின்றன.

உருசிய அறிவியலாளர் திமித்ரி நெல்யூபோவ், விளக்கு எரிவளிமம் பட்டாணி நாற்றுகளின் வளர்ச்சியைத் திரிப்பதற்கு அதிலுள்ள எத்திலீனே காரணம் என 1901இல் காட்டினார். எலுமிச்சை இனப் பழங்களை மண்ணெண்ணெய் அடுப்புப் புகையால் நிறம் மாற்றும் வழக்கம் ஐக்கிய அமெரிக்காவில் இருந்தது. அப்புகையில் செயற்படுவது எத்திலீனே என்பதை பிராங்க் டென்னி 1924இல் விளக்கினார். பழங்கள் தாமே எத்திலீனை உண்டாக்குகின்றன என்பதை ரிச்சர்டு கேன் 1934இல் ஆப்பிளைக் கொண்டு நிறுவினார்.

காயமும் நுண்ணுயிர்களும்

முழுமையான தோல், பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் எதிரான முதல் அரண் ஆகும். கீழே விழுந்த, நகத்தால் கீறப்பட்ட, மூட்டையில் நசுங்கிய இடத்தில் சுவாசமும் எத்திலீன் வெளியீடும் கூடுகின்றன. அழுகலும் அங்கேயே தொடங்குகிறது. அழுகிய ஒரு தக்காளி கூடையிலுள்ள மற்றவற்றையும் கெடுப்பதற்குப் பூஞ்சை பரவுவதும் எத்திலீன் பரவுவதும் ஆகிய இரண்டும் காரணங்கள்.

பறித்த பின் பழுப்பவையும் பழுக்காதவையும்

முதிர்ந்த காயாகப் பறித்தாலும் சில பழங்கள் பின்னர் பழுக்கின்றன. அப்போது அவற்றின் சுவாசமும் எத்திலீன் வெளியீடும் திடீரென உயர்கின்றன. இவ்வுயர்வை 1920களில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ச்சில் பிராங்க்ளின் கிட், சிரில் வெசுட்டு ஆகிய இருவரும் ஆப்பிளில் ஆராய்ந்து விளக்கினர். மற்றொரு வகைப் பழங்களில் இவ்வுயர்வு நிகழ்வதில்லை. அவை பறித்த நாளில் இருந்ததைவிட இனிப்பாவதில்லை.

- பறித்த பின்னும் பழுப்பவை: மா, வாழை, பலா, பப்பாளி, சப்போட்டா, சீத்தா, கொய்யா, தக்காளி, ஆப்பிள், பேரி, வெண்ணெய்ப்பழம்.
- பறித்த பின் பழுக்காதவை: திராட்சை, ஆரஞ்சு, சாத்துக்குடி, எலுமிச்சை, அன்னாசி, மாதுளை, தர்ப்பூசணி, செம்புற்றுப்பழம் எனப்படும் இசுட்ராபெரி.

இப்பாகுபாடு வாங்குபவருக்கு நேரடியாகப் பயன்படுவது. முதல் வகையைச் சற்றுக் காயாக வாங்கி வீட்டில் பழுக்க வைக்கலாம். இரண்டாம் வகையை நன்கு பழுத்த நிலையில் மட்டுமே வாங்க வேண்டும். புளிக்கும் திராட்சையையோ அன்னாசியையோ எத்தனை நாள் வைத்திருந்தாலும் இனிக்காது.

தேர்ந்தெடுத்தல்

பொது இயல்புகள்

- ஒரே அளவுள்ள இரண்டில் எடை கூடியது பெரும்பாலும் நீர் இழக்காதது. எலுமிச்சை, மாதுளை, தர்ப்பூசணி, முட்டைக்கோசு ஆகியவற்றுக்கு இது நன்கு பொருந்தும்.
- காம்பு வெட்டப்பட்ட இடம் ஈரமும் பசுமையும் கொண்டிருந்தால் பறித்து அதிக நாள் ஆகவில்லை எனலாம்.
- பளபளப்பு மட்டும் புதுமைக்குச் சான்று அன்று. ஆப்பிள் போன்றவற்றின் மேல் உண்ணத்தக்க மெழுகு பூசப்படுவது உண்டு. காய்களின் மீது நீர் தெளிப்பதும் வழக்கம்.
- மிகப் பெரிய காய்களில் பல முற்றியவை. வெண்டை, கத்தரி, அவரை, சுரை, புடல், பீர்க்கு ஆகியன நடுத்தர அளவில் வாங்கத்தக்கவை.
- வடிவக் குறைபாடு உணவின் தரத்தைக் குறைப்பதில்லை. வளைந்த கேரட்டும் சிறிய தக்காளியும் விலை குறைவாகக் கிடைக்குமானால் வாங்கலாம்.

பறித்ததற்கும் விற்பதற்கும் இடைப்பட்ட நேரமே தரத்தைப் பெரிதும் முடிவு செய்கிறது. தமிழ்நாட்டில் 1999ஆம் ஆண்டில் மதுரையில் தொடங்கி ஏற்படுத்தப்பட்ட உழவர் சந்தைகளில் உழவர்களே நேரடியாக விற்பதால் இந்நேரம் குறைகிறது. வெயில் ஏறுமுன் வாங்குவது நன்று.

காய்கறிகள்

- வெண்டைக்காய்: பிஞ்சின் நுனி எளிதில் ஒடியும், முற்றியது வளையும். எல்லாக் காய்களையும் ஒடித்துப் பார்ப்பது விற்பவருக்கு இழப்பாகும். ஒடிந்த முனை விரைவில் கறுக்கும். நுனியை மெல்ல வளைத்துப் பார்ப்பதே போதுமானது.
- கத்தரிக்காய்: பச்சையான காம்பும் இறுக்கமான மினுங்கும் தோலும் வேண்டும். மினுக்கம் மங்கியது விதை முற்றியது. சிறு துளை இருப்பின் உள்ளே புழு இருக்கக்கூடும்.
- முருங்கைக்காய்: மெல்ல முறுக்கினால் வளைந்து கொடுப்பது இளசு. விதைகள் புறத்தே புடைத்துத் தெரிவது முற்றல்.
- சுரைக்காய்: நகம் எளிதில் இறங்கும் தோல் இளமையைக் காட்டும்.
- பாகற்காய்: மஞ்சள் படரத் தொடங்கியது பழுக்கிறது; உள்ளே விதை சிவந்திருக்கும்.
- பீன்சு, அவரை: ஒடித்தால் ஒலியுடன் முறிய வேண்டும், விதை புடைத்திருக்கக் கூடாது.
- முட்டைக்கோசு, காலிபிளவர்: இறுக்கமும் எடையும் வேண்டும். காலிபிளவரில் பழுப்புப் புள்ளிகள் பழமையைக் காட்டும்.
- தேங்காய்: ஆட்டினால் நீர் நிரம்பிய ஒலி வேண்டும். கண்கள் ஈரமாகவோ பூஞ்சை படிந்தோ இருத்தல் ஆகாது. குடுமியுடன் உள்ள காய் நெடுநாள் இருக்கும்.

கீரைகள்

இலை விறைப்பாகவும் தண்டு ஒடியக்கூடியதாகவும் இருக்க வேண்டும். மஞ்சளான இலை, வழவழப்பு, கட்டின் நடுவே வெப்பம் ஆகியன கெடத் தொடங்கியதன் அறிகுறிகள். நடுப்பகுதி சூடாக இருப்பதற்குச் சுவாச வெப்பம் வெளியேற இயலாமல் தேங்குவதே காரணம். பூ விட்ட கீரை முற்றியது. சில பூச்சி அரிப்புகள் இருப்பது பெருங்குறை அன்று.

கிழங்குகளும் வெங்காயமும்

உருளைக்கிழங்கு உறுதியாகவும், முளையும் பச்சை நிறமும் இன்றியும் இருக்க வேண்டும். வெங்காயத்தின் கழுத்துப் பகுதி நன்கு காய்ந்திருத்தல் இன்றியமையாதது. ஈரக் கழுத்து வழியாகவே அழுகல் நுழைகிறது. தோலின் கீழ்க் கருந்தூள் இருந்தால் அது பூஞ்சையாகும். மரவள்ளிக்கிழங்கு தோண்டிய இரண்டு மூன்று நாட்களிலேயே உள்ளே நீலக்கருமை நரம்புகள் தோன்றிக் கெடுவது. எனவே முறித்துப் பார்த்து, வெண்மையாக இருப்பதை வாங்கி உடனே சமைப்பது நல்லது.

பழங்கள்

- மாம்பழம்: காம்பை ஒட்டிய தோள் பகுதி உப்பியிருப்பது முதிர்ச்சியைக் காட்டும். நிறத்தை மட்டும் நம்ப இயலாது. இமாம்பசந்து போன்ற வகைகள் பழுத்த பின்னும் பச்சை கலந்தே இருக்கும். காம்பருகே மணம் பார்ப்பதே சிறந்தது.
- வாழைப்பழம்: காயின் விளிம்புகள் மழுங்கி உருண்டிருப்பது முதிர்ந்தது. விளிம்பு கூர்மையாக உள்ள காய் பழுத்தாலும் சுவை குன்றும்.
- பலாப்பழம்: முட்கள் அகன்று மழுங்கியிருக்கும், தட்டினால் மந்தமான ஒலி எழும், மணம் வீசும்.
- பப்பாளி: அடிப்பகுதியிலிருந்து மஞ்சள் கோடு ஏறத் தொடங்கியது வீட்டில் நன்கு பழுக்கும்.
- சப்போட்டா: தோலை இலேசாகச் சுரண்டினால் அடியில் பச்சை தெரிவது முதிராதது.
- சீத்தாப்பழம்: கண்களுக்கு இடைப்பட்ட பள்ளங்கள் அகன்று வெளிர்மஞ்சளாவது முதிர்ச்சி.
- தர்ப்பூசணி: நிலத்தில் படிந்திருந்த இடம் வெண்மையாக இராமல் மஞ்சளாக இருக்க வேண்டும்.
- மாதுளை: நன்கு விளைந்த பழத்தின் பக்கங்கள் சற்றுத் தட்டையாகிக் கோணம் பெறும்.
- திராட்சை: கொத்தின் காம்பு பச்சையாக இருக்க வேண்டும், அசைத்தால் உதிரக் கூடாது.

செயற்கையாகப் பழுக்க வைத்தல்

எத்திலீன் வளிமத்தைக் கட்டுப்பட்ட அளவில் செலுத்திப் பழுக்க வைப்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட முறையாகும். பழம் தானே உண்டாக்கும் பொருளே இங்கு வெளியிலிருந்து தரப்படுகிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016ஆம் ஆண்டில், பத்து இலட்சத்தில் 100 பங்கு வரையிலான எத்திலீன் பயன்பாட்டை அனுமதித்தது.

இதற்கு மாறாக, கால்சியம் கார்பைடு கல்லைக் கொண்டு பழுக்க வைப்பது இந்தியாவில் தடை செய்யப்பட்டுள்ளது. உணவுக் கலப்படத் தடை விதிகளில் இருந்த இத்தடை, 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளிலும் இடம்பெற்றுள்ளது. கார்பைடு ஈரக்காற்றுடன் சேர்ந்து அசிட்டிலீன் வளிமத்தை வெளியிடுகிறது. இது எத்திலீனைப் போலச் செயற்பட்டுத் தோலின் நிறத்தை மாற்றுகிறது. தொழிற்சாலைகளுக்கான கார்பைடில் ஆர்சனிக், பாசுபரசு ஆகியவற்றின் சேர்மங்கள் கலந்திருப்பதால் அதைக் கையாளும் தொழிலாளருக்கும் உண்பவருக்கும் தீங்கு நேரலாம். அசிட்டிலீன் தீப்பற்றக்கூடியதும் ஆகும்.

மாம்பழப் பருவத்தின் தொடக்கத்தில், விலை உயர்ந்திருக்கும்போது, முதிராத காய்களைப் பறித்துக் கல் வைப்பது மிகுகிறது. தோல் ஒரே சீராக மஞ்சளாகியும் மணமின்றியும், உள்ளே வெளிறியும் புளித்தும் இருப்பது ஐயத்திற்குரியது. எனினும் இவை முதிராத காய்க்குப் பொதுவான அறிகுறிகளே. கார்பைடு பயன்பட்டதா என்பதைக் கண்ணால் மட்டும் உறுதி செய்ய இயலாது. பருவம் முழுமையாகத் தொடங்கும் வரை பொறுத்து வாங்குவதும், முதிர்ந்த காயை வாங்கி வைக்கோலிலோ காகிதப் பையிலோ வைத்துப் பழுக்கச் செய்வதும், ஓடும் நீரில் கழுவித் தோல் சீவி உண்பதும் பாதுகாப்பான வழிகள்.

சேமித்தல்

குளிர்ச்சிக் காயம்

குளிர்ச்சி எல்லாக் காய்கனிகளுக்கும் நன்மை தருவதன்று. ஆப்பிள், கேரட், முட்டைக்கோசு, திராட்சை போன்றவை உறைநிலைக்குச் சற்று மேலான குளிரையும் தாங்கும். வெப்ப நிலத்துக்குரிய பயிர்களின் உயிரணுச் சவ்வுகள் அக்குளிரில் பழுதடைகின்றன. இது குளிர்ச்சிக் காயம் எனப்படுகிறது. காயம்பட்டது பெட்டிக்குள் நன்றாகத் தோன்றி, வெளியில் எடுத்த பின் குழி விழுந்து, கறுத்து, விரைவில் அழுகும்.

- வாழை ஏறத்தாழ 13 பாகைக்குக் கீழ்ப் பாதிக்கப்படுகிறது. காயாக உள்ளது சரியாகப் பழுக்காது. பழுத்ததன் தோல் கறுத்தாலும் உள்ளிருக்கும் சதை சில நாட்கள் உண்ணத்தக்கதாக இருக்கும்.
- பழுக்காத மாங்காய் 12, 13 பாகைக்குக் கீழ்ப் பாதிக்கப்படுகிறது. பழுத்த பின் சில நாட்கள் குளிரில் வைக்கலாம்.
- தக்காளி குளிரில் மணத்தை இழக்கிறது. மணப்பொருள்களை உண்டாக்கும் மரபணுக்களின் செயல் குளிரால் ஒடுங்குவதை 2016இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.
- வெண்டை, கத்தரி, வெள்ளரி ஆகியவற்றுக்கு 7 முதல் 10 பாகை ஏற்றது.
- சர்க்கரைவள்ளிக்கிழங்கு குளிர்பட்டால் வேகாமல் நடுவே கட்டியாக நிற்கும்.
- உருளைக்கிழங்கின் மாவுச்சத்து குளிரில் சர்க்கரையாகிறது. அதைப் பொரித்தால் மிகையாகக் கறுக்கும். அக்ரிலமைடு என்னும் வேண்டாத சேர்மமும் கூடும். உணவில் இச்சேர்மம் உருவாவது 2002இல் சுவீடனில் கண்டறியப்பட்டது.

வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் உட்பகுதி ஏறத்தாழ 4 பாகையில் இருப்பதால், வெண்டை, கத்தரி போன்றவற்றுக்கு அது ஏற்ற இடமன்று. ஆனால் 35 பாகை வெப்பமுள்ள சமையலறை அதனினும் தீயது. எனவே இவற்றைப் பெட்டியின் கீழ்த்தட்டிலோ கதவுப் பகுதியிலோ வைத்து மூன்று நான்கு நாட்களுக்குள் சமைப்பது நடைமுறைக்கு உகந்தது.

ஈரமும் காற்றோட்டமும்

இலையும் வேரும் பெரும்பாலும் ஈரக்காற்றை விரும்புகின்றன. ஆனால் அவற்றின் மேல் நீர்த்துளி நிற்பது அழுகலுக்கு வழி செய்யும். இறுகக் கட்டிய நெகிழிப் பையில் சுவாசத்தால் வெளிவரும் நீர் துளியாகப் படிகிறது, ஆக்சிசனும் குறைகிறது. ஆகையால் சிறு துளைகள் உள்ள பை, துணிப்பை, காகிதம் அல்லது உலர்ந்த துணி சுற்றிய பெட்டி ஆகியன சிறந்தவை. வெங்காயம், பூண்டு ஆகியவற்றுக்கு மாறாக வறண்ட காற்றே தேவை.

சேர்த்து வைக்கக் கூடாதவை

வாழை, மா, ஆப்பிள், தக்காளி, பப்பாளி ஆகியன எத்திலீனை மிகுதியாக வெளியிடுபவை. இவற்றின் அருகே கீரை மஞ்சளாகிறது, வெள்ளரியும் பாகற்காயும் பழுக்கின்றன, கேரட் கசக்கிறது, முட்டைக்கோசின் இலைகள் கழன்று விழுகின்றன. காயை விரைவில் பழுக்க வைக்க வேண்டுமானால் இதையே பயனாக்கி, பழுத்த வாழைப்பழம் ஒன்றை அதனுடன் காகிதப் பையில் வைக்கலாம். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் வைப்பதும் ஏற்றதன்று; உருளைக்கிழங்கு வெளியிடும் ஈரம் வெங்காயத்தை முளைக்கவும் அழுகவும் செய்கிறது.

சேமிப்பு முறைகளும் காலமும்

கீழ்க்காணும் நாட்கணக்கு நல்ல நிலையில் வாங்கியவற்றுக்கான தோராயமான அளவே. பருவத்திற்கும் இடத்திற்கும் ஏற்ப அது மாறும்.

அறையில் வைப்பவை:

- சின்ன வெங்காயம், பெரிய வெங்காயம்: காற்றோட்டமான கூடையில் பரப்பி, 3 முதல் 4 வாரம்.
- உருளைக்கிழங்கு: இருளான, காற்றோட்டமுள்ள இடத்தில், 2 வாரம்.
- சேனை, சேம்பு, சர்க்கரைவள்ளி: உலர்ந்த தரையில், 2 வாரம்.
- முழுப் பூசணி, பரங்கி: காம்புடன், ஒரு மாதத்திற்கும் மேல். வெட்டியதைக் குளிரில் வைத்து 3, 4 நாட்களுக்குள் பயன்படுத்த வேண்டும்.
- தக்காளி: பழுக்கும் வரை வெளியில், காம்பு கீழாக ஒற்றை அடுக்கில். மிகப் பழுத்த பின் குளிரில், 3 நாள்.
- இஞ்சி: சற்றே ஈரமான மணலில் புதைத்து, 2 முதல் 3 வாரம்.

குளிர்சாதனப் பெட்டியில் வைப்பவை:

- கீரை: வேரை நீக்கி, கழுவாமல், காகிதத்தில் சுற்றி, 2 முதல் 3 நாள்.
- கொத்தமல்லி, புதினா: அழுகிய இலை நீக்கி, உலர்ந்த துணி விரித்த பெட்டியில், ஒரு வாரம்.
- கறிவேப்பிலை: ஈரமின்றி உருவி, மூடிய பெட்டியில், 1 முதல் 2 வாரம்.
- பச்சை மிளகாய்: காம்பு நீக்கி, ஈரமின்றி, 1 முதல் 2 வாரம்.
- கேரட், பீட்ரூட், முள்ளங்கி: இலையை உடனே நறுக்கிவிட வேண்டும், இலை கிழங்கின் நீரை உறிஞ்சும். கேரட், பீட்ரூட் 2 முதல் 3 வாரம். முள்ளங்கி ஒரு வாரம்.
- முட்டைக்கோசு: முழுதாக, 2 வாரம்.
- பீன்சு, அவரை, புடல், பீர்க்கு: துளையிட்ட பையில், 4 முதல் 5 நாள்.
- எலுமிச்சை: மூடிய பெட்டியில், 3 வாரம்.
- திராட்சை: கழுவாமல், ஒரு வாரம்.

மின்சாரமின்றிக் குளிர்வித்தல்

நீர் ஆவியாகும்போது சுற்றுப்புறத்திலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. மண்பானை நீர் குளிர்வது இதனாலேயே. நைசீரிய ஆசிரியர் முகமது பா அப்பா, ஒரு மண்பானைக்குள் மற்றொன்றை வைத்து, இடையே ஈர மணல் நிரப்பி, வாயை ஈரத்துணியால் மூடும் அமைப்பைத் தம் நாட்டின் வறண்ட வட பகுதியில் பரப்பினார். இதற்காக 2000ஆம் ஆண்டில் ரோலெக்சு விருது பெற்றார். இதே கோட்பாட்டில், இரட்டைச் செங்கல் சுவர்களுக்கு இடையே ஈர மணல் நிரப்பிய சேமிப்புத் தொட்டியை புது தில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் 1980களில் உருவாக்கியது.

இவ்வமைப்புகளின் பயன் காற்றின் வறட்சியைப் பொறுத்தது. வறண்ட கோடையில் உள் வெப்பநிலை வெளியைவிட 10 பாகை அளவுக்குக் குறையக்கூடும். சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடலோரங்களில் காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் குளிர்ச்சி குறைவு. ஆயினும் உள்ளே நிலவும் ஈரப்பதம் காய்கள் வதங்குவதைத் தடுக்கிறது. வெண்டை, கத்தரி முதலியவற்றுக்கு இம்மிதமான குளிர்ச்சி குளிர்சாதனப் பெட்டியைவிட ஏற்றது.

கழுவுதலும் நறுக்குதலும்

காய்கனிகளை வாங்கி வந்தவுடன் கழுவி ஈரத்துடன் சேமிப்பது கெடுதலை விரைவுபடுத்தும். சமைக்கும் முன்னரோ உண்ணும் முன்னரோ ஓடும் நீரில் தேய்த்துக் கழுவுவதே சரியானது. சோப்பு, துணி துவைக்கும் தூள் ஆகியவற்றைப் பயன்படுத்தக் கூடாது. திசுவின் நுண்துளைகள் அவற்றை உறிஞ்சிக்கொள்ளும். கழுவுவதால் மேற்பரப்பிலுள்ள மண்ணும் பூச்சிக்கொல்லி எச்சத்தின் ஒரு பகுதியும் நீங்கும். செடிக்குள் ஊடுருவும் வகைப் பூச்சிக்கொல்லிகளை உப்பு நீரோ மஞ்சள் நீரோ முழுமையாக நீக்குவதில்லை.

தோல் சீவி உண்ணும் பழத்தையும் வெட்டுமுன் கழுவ வேண்டும்; இல்லையேல் தோலிலுள்ள நுண்ணுயிரைக் கத்தி உள்ளே கொண்டு செல்லும். 2011இல் ஐக்கிய அமெரிக்காவில் லிசுட்டீரியா பாக்டீரியா கலந்த முலாம்பழங்களை உண்ட 33 பேர் இறந்தனர். இப்பாக்டீரியா குளிர்சாதனப் பெட்டியின் குளிரிலும் பெருகக்கூடியது. நறுக்கிய பழங்களை இரண்டு மணி நேரத்திற்குள் குளிரில் வைத்து, விரைவில் உண்ண வேண்டும். தெருவில் வெட்டி வைத்து விற்கும் பழத்தைவிட, கண்முன் வெட்டித் தரும் பழம் பாதுகாப்பானது.

வாழைப்பூ, வாழைத்தண்டு, கத்தரி ஆகியன நறுக்கியவுடன் கறுப்பது, உயிரணு உடைந்து நொதியங்கள் காற்றுடன் சேர்வதால் ஆகும். மோர் கலந்த நீரில் வாழைப்பூவையும் தண்டையும் இடும் வழக்கம், புளிப்பினால் அந்நொதியங்களை ஒடுக்குகிறது.

உண்ணத் தகாதவை

- பச்சையான உருளைக்கிழங்கு: பச்சை நிறம் பச்சையத்தினால் வருவது, அது தீங்கற்றது. ஆனால் அதே ஒளி சோலனைன் போன்ற நச்சுப் பொருள்களையும் பெருக்குகிறது. இவை வேகவைத்தாலும் அழிவதில்லை. வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கக்கூடும். சிறு பச்சைப் பகுதியையும் முளைக்கண்ணையும் ஆழமாக வெட்டி நீக்கலாம். பெரும்பகுதி பச்சையானதையும் கசப்பதையும் எறிந்துவிட வேண்டும்.
- பூஞ்சை படிந்தவை: முட்டைக்கோசு, கேரட் போன்ற கெட்டியானவற்றில் பூஞ்சையைச் சுற்றி 2.5 சென்டிமீட்டர் அளவு சேர்த்து வெட்டி நீக்கலாம். தக்காளி, திராட்சை போன்ற மென்மையானவற்றில் பூஞ்சை இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே பரவியிருக்கும், முழுதும் விலக்கத்தக்கவை.
- கசக்கும் சுரைக்காய், வெள்ளரி, பீர்க்கங்காய்: கசப்பைத் தரும் குக்கர்பிட்டசின் சேர்மங்கள் கடும் வயிற்று உபாதையை ஏற்படுத்தக்கூடியவை. சமைக்கும் முன் சிறு துண்டைச் சுவைத்து, கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் எறிய வேண்டும். சுரைக்காய்ச் சாற்றைப் பச்சையாகக் குடிப்போர் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்.

வதங்கியதும் கெட்டதும் ஒன்றல்ல. நீர் இழந்து துவண்ட கேரட், கீரை, கொத்தமல்லி ஆகியவற்றைக் குளிர்ந்த நீரில் அரை மணி நேரம் இட்டால் பெரும்பாலும் விறைப்புப் பெறும். உயிரணுக்கள் உயிருடன் இருப்பதாலேயே இது இயல்கிறது. வழவழப்பும் துர்நாற்றமும் கொண்டவை மீள்வதில்லை.

மிகுந்தவற்றைப் பதப்படுத்தல்

விளைச்சல் மிகுந்த காலத்தில், உயிர்ச் செயலை மெதுவாக்குவதற்கு மாறாக முற்றிலும் நிறுத்திக் காப்பதும் மரபு. கத்தரி, கொத்தவரை, சுண்டைக்காய் வற்றல்கள், மோர் மிளகாய், மாவடு, ஊறுகாய் ஆகியனவும், யாழ்ப்பாணத்தின் ஒடியல், பனாட்டு ஆகியனவும் இவ்வகையின. வெயில், உப்பு, புளிப்பு ஆகிய மூன்றும் நுண்ணுயிர்க்குத் தேவையான சூழலை நீக்குகின்றன. ஒரு வாரத்தில் சமைக்க இயலாத அளவு காய் சேர்ந்துவிட்டால், குளிர்சாதனப் பெட்டியில் மறந்து வைப்பதைவிட வற்றலாக்குவது இழப்பைத் தவிர்க்கும்.

இவற்றையும் பார்க்க

- எத்திலீன்
- உணவு பதப்படுத்தல்
- உழவர் சந்தை
- வற்றல்
- குளிர்சாதனப் பெட்டி
- உயிரணு ஆற்றல் பரிமாற்றம்